டீ கறை பட்ட வெள்ளைச் சட்டை... டீயை வைத்தே காப்பாற்றலாமா?

கெலமங்கலத்தில் டீக்கடை பெஞ்சில் ஒரு டீ, உடனே ஓசூர் பஸ். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குப் பழகிய அவசரம்தான். பஸ் குலுங்கினால் பாதி டீ வெள்ளைச் சட்டையில். எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் பழுப்புத் திட்டு போகாது. சட்டையைத் தூக்கிப் போடும் முன் யோசிங்க: போகாத கறை என்றால், அது நல்ல சாயம்னு அர்த்தம்!

ஏன் ஒட்டுகிறது?

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின், பருத்தி நாரைப் பிடித்துக்கொள்ளும். கலம்காரி கலைஞர்கள் வரைவதற்கு முன் துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்து ஊறவைப்பார்களே, கடுக்காயிலும் இதே டானின்தான். பாலியஸ்டரில் இது சரியாக ஏறாது. அதனால் முதலில் சட்டையின் லேபிளைப் பாருங்க.

எப்படிச் செய்வது?

எண்ணெய்ப் பிசுக்கு போகத் துவைத்து, ஈரத்தோடு வையுங்க. 4 லிட்டர் தண்ணீரில் 5, 6 மேசைக்கரண்டி டீத்தூளைக் கொதிக்கவிட்டு வடிகட்டணும். தூள் தங்கினால் புள்ளி விழும். பால் கூடவே கூடாது. பாலின் புரதம் டானினை இழுத்துக்கொள்ளும். சூடான டிகாக்‌ஷனில் சட்டை தாராளமாக மூழ்கட்டும். ஒரு மணி நேரம், அவ்வப்போது புரட்டணும். மடிப்போடு விட்டால் திட்டுத் திட்டாகிவிடும். காய்ந்ததும் நிறம் வெளுக்கும் என்பதால், நினைத்ததைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும்போது எடுங்க.

உப்பு போட்டால் நிறம் நிற்கும் என்று ரீல்ஸில் சொல்வார்கள். கடைச் சாயங்கள் சிலவற்றுக்குத்தான் அது உதவும். டீக்குப் படிகாரம்தான் சரி: சாயம் போடும் முன் படிகாரம் கரைத்த தண்ணீரில் ஊறவையுங்க. அப்பவும் வெயிலிலும் துவைக்கும்போதும் மெல்ல மங்கும்.

பழைய கறை மறையுமா?

முழுசா மறையாது. கறை பட்ட இடமும் சேர்ந்துதான் நிறமேறும். ஆனால் சுற்றிலும் பழுப்பானதும் அது கண்ணை உறுத்தாது.

இரும்பு வாளி மட்டும் வேண்டாம். இரும்பும் டானினும் சேர்ந்தால் சாம்பல், கறுப்பு. கலம்காரியின் கறுப்பு நிறமே துருப்பிடித்த இரும்பிலிருந்து வருவதுதான்.

மிச்சத் தண்ணீர்?

ஓசூர்க்காரர்கள் கெலவரப்பள்ளி அணையில் கழிவுநீர் நுரை பொங்குவதைப் பார்த்தவர்கள். சாயக் கழிவால் நொய்யல் பாழானதால், 2011-ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். வீட்டு டீச்சாயத்தில் அந்தக் கவலை இல்லை. படிகாரம் சேராத டிகாக்‌ஷன் ஆறியதும் செடிக்கு ஊற்றலாம்.