திரும்பி வந்த செவலை

ஒரு நாய்க்குட்டிக்கு வீடு தேடிக் கொடுப்பது அப்படியென்ன பெரிய காரியம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், என் கவனக்குறைவால் ஒரு குட்டி ஒன்பதே நாட்களில் காப்பகத்துக்குத் திரும்பி வரும் வரையில்.

பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், சனிக்கிழமைதோறும் சென்னைப் புறநகரிலுள்ள பிராணிகள் காப்பகம் ஒன்றுக்குச் சென்று வருகிறேன். பதிவேடு எழுதுவதும், குட்டிகளைத் தத்தெடுக்க வருவோரிடம் பேசுவதும் என் வேலை. ஓர் ஐப்பசி அடைமழையின்போது, சாலையோரத்தில் நனைந்த அட்டைப் பெட்டிக்குள் கிடந்த மூன்று குட்டிகளைப் பால்காரர் ஒருவர் கொண்டுவந்து சேர்த்தார். அவற்றுக்கு அப்போது ஆறு வார வயதிருக்கலாம். இரண்டு ஆண், ஒன்று பெட்டை. ஆண் குட்டிகள் இரண்டும் ஒரு மாதத்திற்குள் வீடு போய்ச் சேர்ந்தன. பெட்டை மட்டும் எஞ்சிற்று. செம்மண் நிறம், கறுத்த மூக்கு, ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருக்கும். செவலை என்று அதற்குப் பெயரிட்டோம்.

"பெட்டையா? வேண்டாம்!"

காப்பகத்துக்கு வருவோர் முதலில் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். "ஜாதி நாய் இருக்கிறதா?" என்பது ஒன்று. "ஆண் குட்டிதானே?" என்பது மற்றொன்று. நாட்டு நாயும் பெட்டையுமான குட்டிக்கு இவ்விரண்டிலும் தேர்ச்சி இல்லை.

ஜாதி நாயின்மேல் உள்ள மோகத்தை எண்ணிப் பாருங்கள். பனிப் பிரதேசத்தில் வண்டியிழுக்கப் பிறந்த அடர்ந்த மயிருடைய நாயை, ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கி, கத்திரி வெயிலில் நம் ஊரில் தவிக்க விடுகிறார்கள். மூக்குத் தட்டையான இனங்கள் நம் வெப்பத்தில் மூச்சுவிடவே சிரமப்படுகின்றன. நாய்க்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். குட்டை மயிரும் மெலிந்த உடலும் கொண்ட நம் நாட்டு நாயோ இந்த வெயிலுக்கென்றே அமைந்தது. நம்மிடம் பெயர்பெற்ற இனங்களும் இல்லாமற் போகவில்லை. 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென வெளியிட்ட நான்கு தபால் தலைகளுள் ஒன்று நம் இராஜபாளையம் நாய்க்கு உரியது.

பெட்டையை மறுப்பதற்குக் காரணம், குட்டி போடுமே என்னும் அச்சம். அந்த அச்சம் நியாயமானதே. ஏறத்தாழ 63 நாட்களே அதன் கர்ப்ப காலம். ஆனால் அச்சத்திற்குப் பரிகாரம் இருக்கிறது. குட்டிக்கு ஆறு மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி கருத்தடை அறுவை செய்துவிடலாம். ஒரே முறை செய்வது; வாழ்நாளுக்கும் போதும்.

இந்தப் பரிகாரத்தின் அருமையைச் சென்னை நகரம் நீண்ட காலம் சென்றே உணர்ந்தது. தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதே நெடுங்காலமாக இங்கு வழக்கமாயிருந்தது. எத்தனை கொன்றும் தொகை குறையவில்லை. கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் 1959இல் சென்னையில் தோற்றுவித்த புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று இடைவிடாது வலியுறுத்தி வந்தது. 1996இல் மாநகராட்சி அவ்வழிக்கு இணங்கிற்று. 2001இல் மத்திய அரசு இதற்கென நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. எனவே, பெட்டையென்று ஒரு குட்டியைத் தள்ளிவிட இன்று காரணமில்லை. இதனை நான் எத்தனையோ பேரிடம் எடுத்துரைத்தேன். தலையசைத்துவிட்டு ஆண் குட்டியையே கேட்டார்கள்.

ஒன்பது நாட்கள்

கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு குடும்பம் வந்தது. மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். சிறுவன் கூண்டுகளையெல்லாம் கடந்து செவலையின்முன் நின்றான். அது அவன் விரலை நக்கிற்று. "அப்பா, இதுதான்!" என்றான். பெட்டை என்பதைக் கேட்டும் தந்தை மறுக்கவில்லை. எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. பத்து நிமிடத்தில் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக் கொண்டு, தடுப்பூசிச் சீட்டையும் கொடுத்து வழியனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் தந்தை ஒரு பிளாஸ்டிக் கூடையுடன் வந்தார். கூடைக்குள் செவலை. இரவெல்லாம் அழுகிறது; இரண்டு ஜோடிச் செருப்பைக் கடித்துவிட்டது; கூடத்தில் சிறுநீர் கழிக்கிறது; வீட்டிலுள்ள பாட்டிக்கு நாய் என்றாலே பயம்; வீட்டுக்காரர் வேறு ஆட்சேபிக்கிறார் என்று அடுக்கினார். சொன்னவை யாவும் உண்மையே. மூன்று மாதம் நிரம்பாத எந்தக் குட்டியும் இவற்றைச் செய்யும். வெளியே காரில் அமர்ந்திருந்த சிறுவன் எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. அழுதுகொண்டிருந்தான்.

அந்தக் குடும்பத்தை நான் குறை கூறமாட்டேன். பாட்டி ஒருவர் இருப்பதையோ, வாடகை வீடு என்பதையோ நான் கேட்கவில்லை. குட்டி எவ்வாறெல்லாம் தொல்லை தரும் என்று சொல்லவுமில்லை. சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். குற்றம் என்னுடையது.

பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து ஏறத்தாழப் பதினான்காம் வாரம் வரையில்தான் நாய்க்குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்கிறது. மனிதர் நல்லவரா, அஞ்சத்தக்கவரா என்பதை அது தீர்மானிக்கும் பருவம் அதுவே. அந்தப் பருவத்தில் செவலை இரண்டாம் முறையாகக் கைவிடப்பட்டது. முன்பு கம்பியருகே ஓடிவந்து வாலாட்டிய குட்டி, இப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டது. சோறு வைத்துவிட்டு நாங்கள் நகர்ந்தபின்தான் உண்ணும்.

குட்டிக்கு நேர்ந்ததை விட அந்தச் சிறுவனுக்கு நேர்ந்ததே என்னை அதிகம் வருத்திற்று. உயிருள்ள ஒன்றை, அளவு சரியில்லாத சட்டையைப்போல் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்னும் பாடத்தை அவனுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து கற்பித்துவிட்டோம் அல்லவா?

கேட்கவேண்டிய கேள்விகள்

அதன்பின் காப்பகத்தில் கூடிப் பேசி ஒரு நடைமுறை வகுத்தோம். வந்த அன்றே குட்டியைக் கொடுப்பதில்லை. வீட்டிலுள்ள அனைவரும், முதியோர் உட்பட, ஒரு முறையேனும் நேரில் வரவேண்டும். வாடகை வீடாயின் வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். பகல் முழுவதும் வீடு பூட்டியிருக்குமா? வெளியூர் செல்லும்போது பார்த்துக்கொள்வது யார்? நாய் பன்னிரண்டு, பதினான்கு ஆண்டுகள் வாழக்கூடியது. இன்று பத்து வயதான பிள்ளை கல்லூரிக்குப் போனபின் அதற்குச் சோறு வைப்பது யார்? மருத்துவச் செலவுக்கு வழி உண்டா? இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்தபின், எங்களில் ஒருவர் அவ்வீட்டுக்கு ஒரு முறை போய்வருவோம். பரிசுப் பொருளாகக் குட்டி கேட்பவர்களுக்குக் கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் செல்வந்தர் ஒருவர் வந்தார். பெரிய பங்களா, சுற்றிலும் தோட்டம். காவலுக்கு நாய் வேண்டுமாம். "எங்கே வைத்திருப்பீர்கள்?" என்று கேட்டேன். "மொட்டை மாடியில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவோம், வேலைக்காரன் சோறு வைப்பான்" என்றார். மரியாதையுடன் மறுத்துவிட்டேன். செவலைக்கு வேறு யாரும் வரமாட்டார்களோ என்ற கலக்கம் அன்றிரவு முழுவதும் எனக்கிருந்தது.

பொங்கல் கழிந்த வாரம் ஒரு தையற்காரர் வந்தார். மனைவி, மாமியார், பள்ளியில் படிக்கும் ஒரு மகள் என நால்வர் கொண்ட குடும்பம். முன்னறையே கடை, பின்னறையே வீடு, கொல்லையில் பத்தடி நிலம். "என் வீடு சிறியது ஐயா. கொடுப்பீர்களா?" என்று தயங்கிக் கேட்டார். அவரே மறு வாரம் மாமியாரையும் மகளையும் அழைத்துவந்தார். அதற்கடுத்த வாரம் வீட்டுக்காரரையே கூட்டிவந்து நிறுத்தினார். மூன்று முறையும் செவலையின் அருகே போய்த் தரையில் அமர்ந்தார். அதைத் தொட முயலவில்லை. மூன்றாம் முறை அது தொட்டியின் மறைவிலிருந்து எழுந்து வந்து, அவர் வேட்டி நுனியை முகர்ந்தது. "அவசரமில்லை, தாயே" என்றார் அவர். எனக்குக் கண் கலங்கிற்று.

முதல் நாட்கள்

வாசகர்களில் எவரேனும் குட்டியொன்றை ஏற்க விரும்பினால், அந்தத் தையற்காரருக்கு நாங்கள் கூறியவற்றையே உங்களுக்கும் கூறுகிறேன்.

குட்டி தாயுடன் எட்டு வாரமேனும் இருந்திருத்தல் நன்று. முதல் சில இரவுகள் அழும். உங்கள் அருகிலேயே ஒரு பழந்துணியில் படுக்க விடுங்கள். உண்டவுடனும் உறங்கி விழித்தவுடனும் கொல்லைக்கு அழைத்துச் சென்றால், சில வாரங்களில் வீட்டுக்குள் அசுத்தம் செய்வதை நிறுத்திவிடும். அசுத்தம் செய்ததற்கு அடிப்பதால் ஒரு பயனுமில்லை. எதற்காக அடிக்கிறீர்கள் என்பது அதற்கு விளங்காது. பல் முளைக்கும் பருவத்தில் கடிப்பது அதன் இயல்பு. செருப்பை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுக் கடிப்பதற்கென முடிச்சிட்ட பழந்துணியொன்றைக் கொடுங்கள்.

சோறுடன் முட்டை, இறைச்சி, சிறிது தயிர் கொடுக்கலாம். பசும்பால் சில குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதல் தடுப்பூசி. பின்னர் மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு முறையாகப் பதினாறு வாரம் வரை தொடரவேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோய்கள் குட்டிகளையே பெரிதும் கொள்ளை கொள்கின்றன. மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு மருத்துவர் சொல்லும் தவணைப்படி ஆண்டுதோறும். வெறிநோய் விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. அறிகுறி தோன்றியபின் அந்நோயிலிருந்து பிழைப்பவர் இல்லை எனலாம். பாஸ்டர் 1885இல் கண்ட தடுப்பு மருந்தே மனித குலத்துக்கு அதிலிருந்து வழி திறந்தது. நாய் கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சட்டமும் ஒரு சொல் கூறுகிறது. நடனக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் தனி உறுப்பினராகக் கொணர்ந்த மசோதாவே, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்திற்கு வழிகோலிற்று. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது அச்சட்டப்படி குற்றம். 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் தெரு நாய்கள் பற்றிய வழக்கில் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், தத்தெடுக்கப்பட்ட நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்று தெளிவாக்கிற்று.

தையற்கடையில்

ஆடி மாதத்தில் ஒரு நாள், செவலையின் அறுவைத் தழும்பு ஆறிவிட்டதா என்று பார்த்துவரச் சென்றேன். கடையில் பண்டிகைத் துணிகள் குவிந்து கிடந்தன. நாய் தையல் இயந்திரத்தின் அடியில், மிதியையொட்டி உறங்கிக்கொண்டிருந்தது. என் செருப்போசை கேட்டுத் தலையை நிமிர்த்திற்று, பதுங்கவில்லை. பழைய மனிதனை அடையாளம் கண்டதோ இல்லையோ, வாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. நாய்க்குப் பயந்து முதலில் முகஞ்சுளித்த மாமியார், "மத்தியானத்தில் இரைச்சல் போட்டு எழுப்பாதீர்கள், ராத்திரியெல்லாம் காவல் இருந்தது" என்று என்னிடமே கடிந்துகொண்டார்.

விடைபெறும் வேளையில் தையற்காரர் நாற்காலியை விட்டு இறங்கி, நூல் கட்டிய காந்தத் துண்டு ஒன்றைத் தரையில் மெல்ல இழுத்துச் சென்றார். உதிர்ந்த ஊசிகளும் குண்டூசிகளும் அதில் ஒட்டிக்கொண்டன. "குட்டி வந்த நாளிலிருந்து இது பழக்கமாகிவிட்டது, ஐயா. எதையாவது விழுங்கிவிடுமே" என்றார்.

நாய்க்குட்டி வளர்க்க விரும்பும் பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை ஒரு காப்பகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆனால் முதல் நாளே குட்டியுடன் திரும்பாதீர்கள். வீட்டுக்குப் போய், பாட்டி முதல் கடைக்குட்டி வரை எல்லோருமாக உட்கார்ந்து பேசுங்கள். பதினான்கு ஆண்டுகளுக்குத் தரையில் ஊசி பொறுக்க உங்கள் வீட்டில் ஓர் ஆள் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உண்டு என்றால், மறுபடி வாருங்கள். எங்கள் காப்பகத்தில் இன்றும் நான்கு பெட்டைக் குட்டிகள் இருக்கின்றன.