திலகவதியார் ஏந்திய திருவலகு

சித்திரைச் சதயத் திருநாளில் அப்பர் பெருமானின் வரலாற்றை விரித்துரைப்போர் பெரும்பாலும் சூலைநோயில் தொடங்கிக் கயிலைக் காட்சியில் நிறைவு செய்வர். அடியேன் அந்நோய்க்கும் முற்பட்டதொரு காலத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகின்றேன். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் ஒரு வீடு. அவ்வீட்டில் ஆதரவற்று நின்ற தமக்கையார் ஒருவரும் தம்பியார் ஒருவரும். தமக்கையார் திலகவதியார், தம்பியார் மருணீக்கியார்.

இவர்தம் பெற்றோர் புகழனாரும் மாதினியாரும் ஆவர். அரசனின் படைத்தலைவராய் விளங்கிய கலிப்பகையார் என்பார்க்குத் திலகவதியாரை மணம்செய்து தரப் புகழனார் இசைந்திருந்தார். மணம் நிகழுமுன் வடபுலத்துப் பகைவரை எதிர்க்குமாறு அரசன் ஆணையிடவே, கலிப்பகையார் போர்க்களம் சென்றார். அவர் மீளுமுன் புகழனார் நோயுற்று இறந்தார்; மாதினியாரும் கணவரோடு உயிர்நீத்தார். அத்துயர் ஆறுமுன்னே போர்க்களத்தில் கலிப்பகையார் மாண்டார் என்ற செய்தி வந்தது.

திருமணச் சடங்கு நிகழவில்லை. ஆயினும் பெற்றோர் தம்மை அவர்க்கே உரியராக எண்ணினராதலின், தம்முயிரையும் அவர் உயிரோடு சேர்ப்பதே தக்கது எனத் துணிந்தார் அம்மையார். அக்காலத்து உலகம் அத்துணிவைப் போற்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை, பாடியும் இருக்கும். அப்பொழுதுதான் சிறுவராகிய மருணீக்கியார் தமக்கையின் அடிகளில் வீழ்ந்து அழுதார். தந்தையும் தாயும் சென்ற பின்னும் தாம் உயிர் தரித்திருப்பது தமக்கையாரை வணங்கி வாழலாம் என்னும் எண்ணத்தால்தான் என்றும், அவரும் பிரிவாராயின் தாம் அவர்க்கு முன்னே உயிர் விடுவது உறுதி என்றும் கூறினார்.

அம்மையார் இறவாதிருக்க இசைந்தார். அன்பர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இறப்பதற்கு ஒரு நொடியின் துணிவு போதும். கணவரென்று கருதியவரையும் பெற்றோரையும் இழந்த இளம்பருவத்துப் பெண் ஒருத்தி, ஒரு சிறுவனின் பொருட்டு நாள்தோறும் எழுந்து நாள்தோறும் வாழ்வதற்கு எத்துணைத் துணிவு வேண்டும்! சேக்கிழார் பெருமான் இந்நிலையைச் சொல்லுமிடத்தில் வீரம் என்னும் சொல்லைத் தேடவில்லை. அம்மையார் பொன்னணிகளைத் தாங்குவதை விடுத்து, எவ்வுயிரிடத்தும் அருளைத் தாங்கினார் என்னும் பொருள்படப் பாடுகின்றார். அருளும் ஒரு சுமையே. அதனை மகிழ்ந்து சுமந்தவர் அம்மையார்.

தமக்கையின் நிழலில் வளர்ந்த மருணீக்கியார் அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்தார், சோலை வைத்தார், குளம் தொட்டார். பின்னர் நிலையாமையை எண்ணி மெய்ந்நெறி தேடுகையில் சமண சமயம் புகுந்து, பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். எவர் பொருட்டு உயிரைத் தாங்கினாரோ அவரே பிரிந்து சென்றார். அம்மையார் தம்பியை இகழவில்லை. சினந்து ஓலை விடுக்கவும் இல்லை. கெடிலத்தின் வடகரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்தார். வைகறைக்கு முன்னெழுந்து திருக்கோயிலை அலகிட்டார், சாணநீரால் மெழுகினார், பூக்கொய்து மாலை தொடுத்தார். தம்பியைப் பரசமயத்தினின்று மீட்டருளுமாறு இறைவனிடம் வேண்டிவந்தார். ஒருநாளும் இருநாளும் அன்று. ஆண்டுகள் பல இவ்வாறே சென்றன.

சூலைநோய் வந்த வரலாறு அனைவரும் அறிந்ததே, விரிக்கவில்லை. மந்திரமும் மயிற்பீலியும் பயன்தராதொழிந்தபோது தருமசேனர்க்குத் தமக்கையின் நினைவு வந்தது. உணவு சமைப்பவன் ஒருவனைத் தூது விடுத்தார். அவன் திருநந்தவனத்தருகே அம்மையாரைக் கண்டு செய்தி சொன்னான். சமணர் பள்ளிக்குத் தாம் வருவதில்லை என்று அம்மையார் விடை சொல்லி அனுப்பினார்.

இம்மறுமொழியைக் கேட்டு அம்மையாரின் நெஞ்சம் கல்லோ என ஐயுறுவோர் உண்டு. பட்டிமண்டபங்களிலும் இவ்வினா எழுவதைக் கேட்டிருக்கின்றேன். வினவுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அம்மையார் அங்குச் சென்றிருப்பின் தம்பியாரின் நோய்க்குத் துணையாக அமர்ந்திருக்கலாம், அவ்வளவே. நோயினும் பெரியதொன்றிலிருந்து தம்பியை மீட்க வேண்டும் என்பதன்றோ அவர்தம் பல்லாண்டு வேண்டுதல்! சூலை தந்து ஆட்கொள்வோம் என இறைவன் கனவில் உணர்த்தியதும் அவர் நெஞ்சில் இருந்தது. உடன்பிறந்தான் வலியால் துடிக்கின்றான் என்று கேட்டும் ஓடிச் செல்லாது நின்ற அந்தப் பொழுதில், அவர்தம் உள்ளம் பட்ட பாட்டைச் சேக்கிழாரும் நம் ஊகத்திற்கே விட்டுவிட்டார்.

தம்பியார் வந்தார். உடுத்த பாயையும் உறியிற்றூங்கிய குண்டிகையையும் பீலியையும் களைந்து, வெண்துகில் உடுத்து, ஊன்றுவார் தோளைப் பற்றிக்கொண்டு இரவிலேயே வந்து தமக்கையின் திருவடிகளில் வீழ்ந்தார். பிரிந்த நாள்களைப் பற்றி அம்மையார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. இது இறைவன் திருவருள் என்று கூறி எழுப்பினார். ஐந்தெழுத்தோதித் திருநீறு அளித்தார். திருப்பள்ளியெழுச்சி வேளை நெருங்கிற்று. அம்மையார் வழக்கம்போல் அலகையும் மெழுகுதற்குரியவற்றையும் எடுத்துக்கொண்டு தம்பியை உடனழைத்துக் கோயிலுள் புகுந்தார். பல்லாண்டு வேண்டியது கைகூடிய அன்றும் அவர் தம் பணியை நிறுத்தவில்லை என்பது அடியேனை மிகவும் உருக்கும் செய்தி. அவ்விடத்தே நாவுக்கரசரின் முதற் பதிகம் பிறந்தது.

பாண்டிமாதேவியாராகிய மங்கையர்க்கரசியாரும் இவ்வாறே, நின்றசீர் நெடுமாறனின் அரண்மனையில் உட்பகையின் நடுவே திருநீற்று நெறியைக் காத்து, குலச்சிறையாருடன் எண்ணித் திருமறைக்காட்டிலிருந்த ஞானசம்பந்தப் பெருமானுக்குத் தூது விடுத்தவர். அவர்க்கு அரசியென்னும் நிலையும் அமைச்சரின் துணையும் இருந்தன. திலகவதியார்க்கு இருந்தது ஒரு துடைப்பமே.

அறுபத்துமூவருள் பெண்பாலார் மூவர்: காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியார் அத்தொகையில் இல்லை. இது பலர்க்கும் வியப்பளிக்கும். சுந்தரர் பாடாததால் சேக்கிழார் அவர்க்கெனத் தனிப்புராணம் அமைக்கவில்லை. ஆயினும் திருநாவுக்கரசர் புராணத்தின் தொடக்கத்தையே அம்மையார்க்கு உரியதாக்கிவிட்டார்.

திருக்கோயில்களில் நால்வர் திருவுருவங்களைத் தொழும்போது அப்பர் பெருமானின் தோளை நோக்குங்கள். புல் செதுக்கும் உழவாரப்படை அங்கே சாய்ந்திருக்கும். அதனை அவர் கையிலெடுத்தது திருவதிகையில்தான். தமக்கையார் நாள்தோறும் அலகிட்டு வந்த அதே திருமுற்றத்தில்.