நிலவு விழுந்த பிறகு தொடங்கிய விளையாட்டு

2012 நவம்பர் 11 அன்று ஓர் உலகம் அழிந்தது. அழியப்போகிறது என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் முன்பே தெரியும். வானில் ஒரு செந்நிலவு மாதக்கணக்கில் பெரிதாகிக்கொண்டே வந்திருந்தது. கடைசி நாளன்று ஆட்டக்காரர்கள் கூட்டம் கூட்டமாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சர்வர் நின்றது. அதன்பின் ஒரு படக்காட்சி. நிலவு பிளக்கிறது, உள்ளே சிறையிருந்த பஹாமுத் என்ற மாபெரும் டிராகன் வெளிவந்து நாட்டைச் சாம்பலாக்குகிறது. லூயிஸ்வா என்ற முதியவர் தன் கடைசிப் பலத்தைத் திரட்டி வீரர்களைக் காலத்தைத் தாண்டி அனுப்பிவைக்கிறார்.

ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் தயாரித்த ‘ஃபைனல் ஃபேன்டசி 14’ என்ற இணைய விளையாட்டு அது. நாம் ஒரு வேடம் பூண்டு, உலகெங்கும் உள்ள மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கற்பனை நாட்டில் வாழும் வகை. நாட்டின் பெயர் எயோர்சியா.

2010 செப்டம்பரில் முதலில் வெளிவந்தபோது அது படுதோல்வி அடைந்தது. மெனுக்கள் நகர மறுத்தன. ஒரே நிலக்காட்சியை வெட்டி ஒட்டியதுபோல வரைபடம் இருந்தது. ஒருவர் நெடுநேரம் ஆடினால் அவருக்குக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளைக் குறைக்கும் விசித்திர விதியும் இருந்தது. மூலையில் கிடக்கும் ஒரு பூந்தொட்டியை வரைய, ஒரு முழு மனிதப் பாத்திரத்துக்குத் தேவையான அளவு கணினி உழைப்பு செலவானதாக விளையாட்டின் இயக்குநரே பின்னாளில் சொன்னார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஓராண்டுக்கும் மேலாகச் சந்தா வாங்காமலே நடத்தியது. 2010 டிசம்பரில் பொறுப்புக்கு வந்த நவோகி யோஷிதா இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கினார். பழையதைப் பழுதுபார்த்து ஓட்டுவது ஒன்று. அதே பெயரில் புதிதாக இன்னொன்றைக் கட்டுவது மற்றொன்று.

புதியதைக் கட்டினால் வரைபடம் மாறும், ஊர்கள் மாறும், சண்டை விதிகள் மாறும். நேற்றுவரை இருந்த காடு இன்று ஏன் இல்லை என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நிலவை விழவைத்தார்கள். 2013 ஆகஸ்டில் ‘எ ரெல்ம் ரீபார்ன்’ என்ற பெயரில் மறுபடி திறந்தபோது, கதையில் ஐந்து ஆண்டுகள் ஓடியிருந்தன. பேரழிவில் போராடிய வீரர்களைப் பற்றி ஊர்மக்கள் நன்றியோடு பேசுவார்கள். ஆனால் அவர்கள் முகத்தையோ பெயரையோ நினைத்துப் பார்த்தால் கண்கூசும் ஒளிதான் தெரிகிறது என்பார்கள். பழைய கணக்கோடு திரும்பியவர்களை மட்டும் சிலர் அடையாளம் கண்டுகொள்வார்கள். தொழில்நுட்பத் தோல்வி ஒன்றை இவ்வளவு கண்ணியமாகக் கதைக்குள் வாங்கிக்கொண்ட வேறொரு விளையாட்டை நான் பார்த்ததில்லை.

இனி, வேடங்களுக்கு வருவோம். தொடக்க வேடத்தை ஆட்டக்காரர்கள் கிளாஸ் என்றும், அதிலிருந்து கிளைக்கும் வேடத்தை ஜாப் என்றும் சொல்வார்கள். வேடம் பூணும் வழக்கத்தின் வேர் கணினியில் இல்லை. 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் போர்வீரன், மந்திரவாதி, பூசாரி என மூன்று வேடங்கள் இருந்தன. இணைய விளையாட்டுகளில் இது டேங்க், ஹீலர், டிபிஎஸ் என்று இறுகியது. அடி வாங்குபவர், காயம் ஆற்றுபவர், எதிரியைத் தாக்குபவர்.

அரக்கனிடம் போய் ‘இவரை மட்டும் அடி’ என்று யார் சொல்வது? விளையாட்டு ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பகைக் கணக்கு எழுதுகிறது. நீங்கள் அடித்தால் உங்கள் கணக்கில் பகை ஏறும். நண்பரைக் குணப்படுத்தினாலும் ஏறும். கணக்கு யாருக்கு அதிகமோ அவர்மேல் அரக்கன் பாய்வான். டேங்குக்கு மட்டும் பகையைப் பல மடங்காக்கும் திறன் உண்டு. அதை மறந்துவிட்டு ஒரு டேங்க் சண்டைக்குள் நுழைந்தால், அடுத்த சில நொடிகளில் ஹீலர் தரையில் கிடப்பார். நால்வர் குழுவில் ஒரு டேங்க், ஒரு ஹீலர், இரண்டு டிபிஎஸ். எண்மர் குழுவில் அதன் இரட்டிப்பு. அடிப்படைத் திறன்களுக்கு இடையே சுமார் 2.5 நொடி இடைவெளி. அந்த இடைவெளிதான் ஆட்டத்தின் தாளம்.

எயோர்சியாவில் ஒரே பாத்திரம் எல்லா வேடத்தையும் கட்டலாம். கையிலிருக்கும் ஆயுதத்தை மாற்றினால் போதும். ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு கல் உண்டு. அந்தத் தொழிலைச் செய்து மறைந்தவர்களின் நினைவுகள் அதற்குள் உறைந்திருக்கின்றன என்பது கதை. ஆக, வேடத்தைக் கட்டுகிறவர் ஒரு பரம்பரையைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்.

ஒரு வேடம் எப்படி வளர்கிறது என்பதற்கு ஆர்கனிஸ்ட் என்ற மந்திர வேடம் நல்ல சான்று. லிம்சா லொமின்சா என்ற துறைமுக நகரில் இவர்களின் சங்கம் இருக்கிறது. அதுவே அந்த ஊரின் சுங்கச் சாவடி. பகலில் கப்பல் சரக்கைக் கணக்குப் பார்க்கிற அதே ஆட்கள், அதே கணித மூளையோடு மந்திரமும் போடுகிறார்கள். எனக்கு இந்த விவரம் மிகவும் பிடிக்கும்.

ஆர்கனிஸ்ட்டுக்கு மட்டும் ஒரு சிறப்பு: அதிலிருந்து இரண்டு ஜாப்கள் கிளைக்கும். தெய்வ வடிவங்களை அழைத்துத் தாக்கும் சம்மனர் ஒன்று; தேவதையைத் துணைக்கு வைத்துக் காயம் ஆற்றும் ஸ்காலர் இன்னொன்று. ஒன்றை வளர்த்தால் மற்றதும் தானாக வளரும். காகிதத்தில் அழகான யோசனை. நடைமுறையில் தயாரிப்பாளர்களின் கை கட்டப்பட்டது. எதிரியை மெல்ல அரிக்கும் விஷ மந்திரங்கள் இருவருக்கும் பொது என்பதால், ஒருவருக்காக அதைத் தொட்டால் இன்னொருவர் நிலை குலையும். 2015-இல் விளையாட்டோடு இணைந்த ‘ஹெவன்ஸ்வர்ட்’ என்ற கூடுதல் பாகத்திலிருந்து சேர்ந்த எந்தப் புதிய ஜாபும் இப்படிக் கிளைக்கவில்லை. எல்லாம் தனி மரமாகவே நடப்பட்டன.

ஆனால் சம்மனர் கதையோடு சேர்ந்து வளர்ந்த விதம் பிரமாதம். தொடக்கத்தில் அவர் அழைப்பவை, கதையில் நாமே சண்டையிட்டு வீழ்த்திய இஃப்ரிட், டைட்டன், கருடா ஆகியவற்றின் சிறு நிழல்கள். ஹெவன்ஸ்வர்டில் பஹாமுத்தின் ஆற்றல் அவருக்குள் இறங்குகிறது. 2017-இன் ‘ஸ்டார்ம்பிளட்’ பாகத்தில் பஹாமுத்தையே அழைக்கிறார். நிலவிலிருந்து வந்து நாட்டை எரித்த அதே டிராகன், இப்போது நம் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வந்து நிற்கிறது. அதை முதல்முறை அழைத்தபோது பழைய ஆட்டக்காரர் மனத்தில் என்ன ஓடியிருக்கும்! 2021 டிசம்பரில் வந்த ‘எண்ட்வாக்கர்’ சம்மனரை அடியோடு மாற்றிக் கட்டியது. விஷங்கள் போயின. நிழல்களுக்குப் பதில் இஃப்ரிட்டும் டைட்டனும் கருடாவும் முழு உருவில் வந்தார்கள். புதியவர்கள் மகிழ்ந்தார்கள். விஷத்தின் கால அளவை விரல் நுனியில் வைத்திருந்தவர்களுக்கோ பல ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் பயனற்றதாயிற்று. அவர்கள் வருத்தம் நியாயமானது. கை பழகிய கருவியைப் பிடுங்கினால் எந்தத் தொழிலாளிக்கும் வலிக்கும்.

இன்னொன்று டார்க் நைட். இதுவும் ஹெவன்ஸ்வர்டில் வந்தது. இந்த வகை விளையாட்டுகளில் நாயகனின் அன்றாடம் என்ன? இவருக்கு மூலிகை பறி, அவருக்குக் கடிதம் கொண்டுபோ, ஊரைக் காப்பாற்று, திரும்ப வந்து இன்னொரு மூலிகை பறி. டார்க் நைட் கதையில் ஃப்ரே என்பவரின் பிணத்தருகே கிடக்கும் கல்லை நாம் தொடுகிறோம். அவர் எழுந்து நமக்குக் குருவாகிறார். நாம் சிற்றேவல் செய்யும்போதெல்லாம் அவர் குரல் கசக்கிறது. இவர்களுக்காக ஏன் ஓடுகிறாய், உனக்கென்று யார் நிற்கிறார்கள் என்று கேட்கிறது. பத்தாண்டு பழைய கதை என்பதால் முடிவைச் சொல்கிறேன்: ஃப்ரே வேறு ஆள் இல்லை. நாம் வாய்திறந்து சொல்லாமல் அடக்கிவைத்த களைப்பும் கோபமும் அந்த உருவில் எழுந்து நடந்திருக்கின்றன. கடைசியில் அதனோடுதான் மோத வேண்டும். ஏவல் வேலை என்ற சலிப்பூட்டும் வழக்கத்தையே எடுத்து, அதிலிருந்தே ஒரு வேடத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறார்கள். அந்த வேடம் டேங்க் என்பதும் பொருத்தம்: எல்லோருக்காகவும் அடி வாங்குகிறவர் அவர்தானே.

இதை எழுதிய நட்சுகோ இஷிகாவா, 2019-இன் ‘ஷேடோபிரிங்கர்ஸ்’ பாகத்தின் முதன்மைக் கதாசிரியர் ஆனார். நூறாண்டாக இரவே வராமல் ஒளியில் வெந்துகொண்டிருக்கும் ஓர் உலகுக்கு இருளை மீட்டுத் தரும் கதை அது. அதுவரை ஒளியின் வீரன் என்று அழைக்கப்பட்ட நாம், அங்கே இருளின் வீரன். ஒரு வேடத்தின் கிளைக்கதையில் விழுந்த விதை மையக்கதையாக முளைத்தது என்றே நான் வாசிக்கிறேன்.

வருத்தம் ஒன்றும் உண்டு. ஷேடோபிரிங்கர்ஸிலிருந்து ஒவ்வொரு ஜாபுக்கும் தனிக்கதை தொடர்வதை நிறுத்திவிட்டார்கள். டேங்குகளுக்கு ஒன்று, ஹீலர்களுக்கு ஒன்று எனப் பொறுப்புவாரியாகக் கதைகள் வந்தன. ஜாப்கள் பெருகப் பெருக எல்லாவற்றுக்கும் எழுதி, காட்சி அமைத்து முடிப்பது பெரும் வேலை. 2024-இல் வந்த ‘டான்ட்ரெய்ல்’ பாகத்தில் வைப்பர், பிக்டோமான்சர் என இரண்டு ஜாப்கள் மேலும் சேர்ந்தன. சண்டையிலும், பெரும்பாலான ஜாப்களின் உச்சத் தாக்குதல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றாக விழும்படி சீராக்கப்பட்டதால், வேடத்துக்கு வேடம் இருந்த வேறுபாடு மங்கியது. சமநிலை கிடைத்தது, தனித்தன்மை குறைந்தது. தயாரிப்பாளர்களுக்கு இது வசதி. இந்த விளையாட்டுக்கு இழப்பு. ஃப்ரேயைப் போன்ற ஒருவர் பொதுக்கதையில் பிறக்க முடியாது.

தொடங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். இலவசப் பதிப்பிலேயே ஸ்டார்ம்பிளட் முடியும்வரை, 70-ஆம் நிலை வரை, கால வரம்பில்லாமல் ஆடலாம். மேலே சொன்ன டார்க் நைட் கதையும் அதற்குள் அடங்கும். ஆர்கனிஸ்ட்டாகச் சுங்கச் சாவடியிலிருந்து புறப்படுங்கள். அவசரத்தில் உரையாடல்களைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.