தொழில்முறைச் சங்கங்களில் உறுப்பினர் ஈடுபாடும் எண்ணிம வழிகளும்

ஒரே தொழிலைச் செய்பவர்கள் அத்தொழிலின் தரம், கல்வி, ஒழுக்கநெறி, நலன் ஆகியவற்றைக் காக்க ஒன்றுகூடி அமைக்கும் அமைப்பு தொழில்முறைச் சங்கம் ஆகும். மருத்துவர், பொறியாளர், கணக்காளர், வழக்கறிஞர், நூலகர் எனப் பல துறையினருக்கும் இத்தகைய சங்கங்கள் உள்ளன. சந்தா கட்டிப் பதிவேட்டில் பெயரை வைத்திருப்பதால் ஒருவர் உறுப்பினர் ஆகிவிடுகிறார். கூட்டத்துக்கு வருவது, வரைவு விதிகளுக்குக் கருத்து அனுப்புவது, தேர்தலில் வாக்களிப்பது, இளையவர்களுக்கு வழிகாட்டுவது போன்ற செயல்களே ஈடுபாடு எனப்படும். பெரும்பாலான சங்கங்களில் முதல் வகையினர் மிகப் பலர், இரண்டாம் வகையினர் மிகச் சிலர். இந்த இடைவெளியைக் குறைக்க வலைவாசல், மின்னஞ்சல், செயலி, இணையவழிக் கூட்டம் முதலியவற்றைத் திட்டமிட்டுப் பயன்படுத்துவதையே எண்ணிம உத்தி என்கிறோம்.

சங்கங்களை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். சட்டத்தால் அமைந்த சங்கத்தில் உறுப்பினராக இல்லாமல் அத்தொழிலைச் செய்ய முடியாது. விருப்பச் சங்கத்திலிருந்து ஒருவர் அடுத்த ஆண்டே விலகிவிடலாம். முதல் வகைக்கு உறுப்பினரை இழக்கும் அச்சம் இல்லை, ஆனால் அவர் பாராமுகமாக இருந்துவிடக்கூடும். இரண்டாம் வகைக்கோ சந்தா புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தேர்வுதான்.

பட்டயக் கணக்காளர்களும் யூடின் எண்ணும்

சட்டச் சங்கத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம். 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தின்படி அவ்வாண்டு ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட இந்நிறுவனத்தில் இன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ளனர். தென்மண்டலக் குழுவின் தலைமையிடம் சென்னை. மதுரை, கோவை, சிவகாசி, கும்பகோணம் போன்ற ஊர்களில் கிளைகள் இயங்குகின்றன.

பட்டயக் கணக்காளர் அல்லாத சிலர் போலி முத்திரையும் கையொப்பமும் இட்டு நிகர மதிப்புச் சான்று, விற்றுமுதல் சான்று போன்றவற்றைக் கொடுத்து வந்தனர். அவற்றை நம்பிக் கடன் கொடுத்த வங்கிகள் ஏமாந்தன. இதைத் தடுக்க நிறுவனம் கொண்டுவந்ததே யூடின் எனப்படும் தனித்த ஆவண அடையாள எண். உறுப்பினர் தான் கையொப்பமிடும் ஒவ்வொரு சான்றுக்கும் அறிக்கைக்கும் நிறுவனத்தின் யூடின் தளத்துக்குள் நுழைந்து 18 இலக்க எண் ஒன்றைப் பெற வேண்டும். அதன் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டையும், அடுத்த ஆறு உறுப்பினர் எண்ணையும் குறிக்கும். மீதமுள்ள பத்தும் கணினி தானாக உருவாக்கும் எழுத்துகளும் எண்களும் ஆகும். ஆவணத்தைப் பெறும் வங்கி அதிகாரி அந்த எண்ணைத் தளத்தில் இட்டு, அது உண்மையானதா என்று தாமே பார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறைப்படுத்திய விதம் கவனிக்கத்தக்கது. எல்லா ஆவணங்களுக்கும் ஒரே நாளில் இது கட்டாயமாக்கப்படவில்லை. 2019 பிப்ரவரி 1 முதல் சான்றிதழ்களுக்கும், ஏப்ரல் 1 முதல் வரித் தணிக்கை மற்றும் ஜிஎஸ்டி தணிக்கை அறிக்கைகளுக்கும், ஜூலை 1 முதல் மற்ற எல்லாத் தணிக்கைப் பணிகளுக்கும் என மூன்று படிகளில் வந்தது. பழகிக்கொள்ள உறுப்பினர்களுக்குக் காலம் கிடைத்தது. தொடக்கத்தில் இது கூடுதல் வேலை என்ற முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. ஆனால் தன் பெயரில் வேறொருவர் கையொப்பமிட முடியாது என்ற பாதுகாப்பு உறுப்பினருக்கே உரியது என்பதால் அது நிலைத்துவிட்டது.

இதனை ஈடுபாடு என்று சொல்லலாமா என்பது நியாயமான கேள்வி. கட்டாயத்தின் பேரில் உள்நுழைவதை ஈடுபாடு என்று கணக்கிடுவது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். எனினும் ஒரு பயன் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கட்டணம் செலுத்த மட்டும் சங்கத்தை நினைத்த ஒருவருக்கு, இப்போது மாதத்தில் பலமுறை அதன் தளத்தோடு வேலை இருக்கிறது. எண்ணைப் பெறும்போது கடவுச்சொல் செல்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் வருவதால், உறுப்பினர் தம் முகவரி விவரங்களைத் தாமே சரியாக வைத்துக்கொள்கிறார். பதிவேட்டில் உள்ள பழைய செல்பேசி எண்ணோடு மல்லுக்கட்டும் எந்தச் சங்கச் செயலாளருக்கும் இதன் அருமை புரியும்.

கற்றல் என்னும் கயிறு

தொழில் செய்யும் பட்டயக் கணக்காளர் மூன்றாண்டுத் தொகுப்பில் 120 மணி நேரத் தொடர் தொழிற்கல்வியை முடிக்க வேண்டும். 60 வயது கடந்தோருக்குத் தளர்வு உண்டு. முன்பு சிறிய ஊரில் இருப்பவர் இதற்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்து நகரக் கருத்தரங்குக்குப் போக வேண்டியிருந்தது. கோவிட் காலத்தில் நேரடிக் கூட்டங்கள் நின்றபோது இணையவழிக் கூட்டங்களுக்கும் மணிக்கணக்கு வழங்கப்பட்டது. பயணமும் தங்கும் செலவும் மிச்சமாயின. கைக்குழந்தை உள்ள பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது பெரிய வாய்ப்பு.

இழந்ததும் உண்டு. கருத்தரங்கில் தேநீர் இடைவேளையில், தன்னைப் போன்ற இன்னொருவரிடம் ஒரு நோட்டீசுக்கு எப்படிப் பதில் எழுதினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது திரையில் நடப்பதில்லை. கேமராவை அணைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவரும் வருகைப் பதிவில் கலந்துகொண்டவரே. ஆகவே விரிவுரையை இணையத்திலும், ஐயம் தெளிதலையும் குழு விவாதத்தையும் கிளை அரங்கிலும் வைத்துக்கொள்வதே பொருத்தமானது.

விலகிச் செல்லக்கூடியவர்களை வைத்துக்கொள்வது

1947இல் அமெரிக்காவில் தொடங்கிய கணிப்பொறித் துறைச் சங்கமான ஏசிஎம், நெடுங்காலம் தன் எண்ணிம நூலகத்தைச் சந்தாதாரர்களுக்கும் சந்தா கட்டிய நிறுவனங்களுக்கும் மட்டுமே முழுமையாகத் திறந்து வைத்திருந்தது. ஆய்வுக்கட்டுரை படிப்பதற்காகவே உறுப்பினர் ஆனவர்கள் பலர். 2022இல் 1951 முதல் 2000 வரையிலான வெளியீடுகளை அச்சங்கம் அனைவருக்கும் இலவசமாக்கியது. 2026 ஜனவரி முதல் தன் வெளியீடுகள் முழுவதையும் திறந்த அணுக்கத்துக்கு மாற்றும் முடிவையும் அறிவித்தது. அறிவுக்கு இது நன்மை. சங்கத்துக்கோ சங்கடமான கேள்வி: பூட்டிய நூலகத்தின் சாவியாக இருந்த உறுப்பினர் அட்டைக்கு இனி என்ன மதிப்பு? சிறப்பு ஆர்வக் குழுக்கள், மாநாடுகள், மாணவர் கிளைகள், இணையவழிப் பாடங்கள் ஆகியவையே இதற்கு விடையாக முடியும். சேர்ந்து வேலை செய்யும் இடமாகச் சங்கம் விளங்க வேண்டும்.

மின், மின்னணுவியல் பொறியாளர்களின் உலகச் சங்கமான ஐஇஇஇ வேறொரு கோணத்தைக் காட்டுகிறது. அங்கு கிளை நடத்தும் தன்னார்வலர்களுக்கெனத் தனிக் கருவிகள் உண்டு. கூட்ட அறிவிப்பு, பதிவு, நடந்த நிகழ்ச்சியின் அறிக்கை எல்லாம் அவற்றின் வழியாகவே செல்கின்றன. அறிக்கை அளித்த செயல்பாடுகளைப் பொறுத்துப் பிரிவுக்கு நிதி திரும்பி வருகிறது. சாதாரண உறுப்பினருக்கு நூறு வசதி செய்வதைவிட, ஊர்தோறும் உழைக்கும் சில தன்னார்வலர்களின் எழுத்து வேலையைக் குறைப்பது பெரிய பலன் தரும் என்பதே என் கருத்து.

செய்தி போய்ச் சேருவது

நம் ஊர்ச் சங்கங்களில் வாட்சப் குழுவே முதன்மைச் சாதனம். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். ஆனால் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் நிறைந்த குழுவில் முக்கியச் சுற்றறிக்கை மூழ்கிவிடும். நிர்வாகிகள் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழு ஒன்றும், உறுப்பினர் பேசும் குழு வேறொன்றும் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

மின்னஞ்சலுக்கும் இப்போது ஒழுங்குகள் வந்துவிட்டன. ஒரு நாளில் 5000க்கு மேற்பட்ட மடல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் தம் அடையாளத்தைத் தொழில்நுட்ப முறைப்படி உறுதிசெய்ய வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் தர வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் நடைமுறை. எரிதம் என்று முறையிடுவோர் 0.3 விழுக்காட்டை எட்டினால் மடல்கள் உள்பெட்டிக்கே போகாமல் போகலாம். வாரம் மூன்று முறை எல்லாருக்கும் எல்லாவற்றையும் அனுப்பும் சங்கம், ஒருநாள் உண்மையிலேயே அவசரமான செய்தியையும் சேர்க்க முடியாமல் நிற்கும்.

எத்தனை பேர் மடலைத் திறந்தனர் என்ற எண்ணிக்கையையும் முழுதாக நம்ப முடியாது. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, படிக்காத மடலையும் திறந்ததாகக் காட்டக்கூடும். கேள்வி கேட்டவர்கள், கருத்து அனுப்பியவர்கள், முதன்முறையாக ஒரு குழுவில் பொறுப்பேற்றவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவது இன்னும் நம்பகமானது.

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. உறுப்பினர் பட்டியலைக் காப்பீட்டு முகவருக்கும் மனை விற்பவருக்கும் கொடுத்துவிடும் பழக்கம் சில சங்கங்களில் உண்டு. எவ்வளவு நல்ல செயலி வைத்திருந்தாலும் இந்த ஒரு செயல் போதும், உறுப்பினர் தம் உண்மையான செல்பேசி எண்ணைத் தருவதை நிறுத்திவிட.

வாக்குரிமை

ஈடுபாட்டின் உச்சம் வாக்களிப்பு. ஐஇஇஇ தன் ஆண்டுத் தேர்தலை இணையவழியே நடத்துகிறது. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் மன்றத் தேர்தலோ, 2024 டிசம்பரில் நடந்தபோதும் வாக்குச்சாவடியில் காகிதச் சீட்டில் 1, 2, 3 என விருப்ப வரிசை எழுதும் முறையிலேயே நடந்தது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் பங்குதாரர்களுக்கு மின்வாக்கு வசதி தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த மின்வாக்கெடுப்புகளின் ஆய்வாளராக நியமிக்கப்படத் தகுதி பெற்றவர்களில் பட்டயக் கணக்காளர்களும் அடங்குவர்.