வற் வரியும் நம் வீட்டுத் தராசும்

 

ஒரு காட்சியை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். ஹட்டன் பஸாரில் ஒரு பலசரக்குக் கடை. அன்று தோட்டத்தில் சம்பள நாள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களால் நோட்டுகளை எண்ணியபடி ஒரு பெண் கேட்கிறாள்: "என்னங்க நானா, போன மாசம் இந்த சவர்க்காரம் இந்த விலையில்லையே?"

"என்ன செய்ய தங்கச்சி, கவர்மெண்டு வற் கூட்டிட்டாங்க!"

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்பதில்லை. கடன் கொப்பியில் அவள் பெயர் இருக்கிறதே!

அந்தக் கடைக்காரர் நம் கணவராகவோ, சகோதரராகவோ, மகனாகவோ இருக்கலாம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நம்மவர் பலரின் அடுப்பு எரிவது தோட்டத்து மக்கள் தரும் காசில்தான். ஆகவே இந்த வரியைப் பற்றி நாமும் அறிந்திருக்க வேண்டும்.

பாராளுமன்றத்தில் நடந்தது

2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் வரி 12 ஆகவும் செப்டம்பரில் 15 ஆகவும் ஏறியது. 2023 டிசம்பரில் பாராளுமன்றம் விவாதித்து நிறைவேற்றிய திருத்தத்தின்படி, 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதமானது. அதுவரை விலக்குப் பெற்றிருந்த டீசல், பெற்றோல், சமையல் எரிவாயு ஆகியவையும் வரிக்குள் வந்தன. 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் ஒன்றின் விலை அன்றே 4,250 ரூபாவாயிற்று.

அரச கஜானா வெறுமையாகிவிட்டது, வேறு வழியில்லை என்றது ஆளும் தரப்பு. ஏழையின் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்றது எதிர்த்தரப்பு. மலையகப் பிரதிநிதிகளோ இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா. வரியுள்ள பொருட்களை 1000 ரூபாவுக்கு வாங்கினால், அதில் ஏறத்தாழ 152 ரூபா வரியாகப் போய்விடும். கோடீஸ்வரர் வாங்கினாலும் அதே 152தான். அவருக்கு அது தூசு. இவளுக்கோ ஒரு நேரச் சாப்பாடு. பின்னர் சம்பளம் 1350 ஆனது. 2026 ஜனவரி முதல் 1550 ரூபாவும், அரசின் வரவுக் கொடுப்பனவாக 200 ரூபாவும் என்று 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. ஆனாலும் வரியின் இயல்பு மாறவில்லை. செல்வம் எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை, செலவைத்தான் பார்க்கிறது.

மார்க்கம் காட்டும் வழி

ஸகாத் இதற்கு நேர்மாறானது. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, செல்வந்தரிடம் எடுத்து ஏழைகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்படுவதே ஸகாத் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அப்படியானால் அரசு வேறு வரி விதிக்கவே கூடாதா? பொதுநிதி வற்றி, தேவை மெய்யானதாக இருந்தால், வசதியுள்ளோரிடம் தேவையின் அளவுக்கு வாங்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) போன்றோர் கூறியுள்ளனர். 1260இல் நடந்த ஐன் ஜாலூத் போருக்கு முன்னர், எகிப்தின் சுல்தான் குதுஸ் மக்களிடம் வரி கேட்க நாடினார். முதலில் தளபதிகள் தம்மிடமுள்ள தங்க அலங்காரங்களைக் கொடுத்துவிட்டு மக்களுக்குச் சமமாக நிற்கட்டும், பிறகு கேளுங்கள் என்றார் இமாம் இஸ்ஸுத்தீன் (ரஹ்).

இந்த அளவுகோலை ஆட்சியாளர்மீது வைத்துப் பேசுவது நம் உரிமை. ஆனால், சகோதரிகளே, நம் கடையையும் கொஞ்சம் எட்டிப் பார்ப்போமா?

நம் கல்லாப்பெட்டி

15 வீத வரியோடு 115 ரூபாவுக்கு விற்ற பொருள், 18 வீதமானதும் 118 ரூபாவாக வேண்டும். கூடியது 3 ரூபா. அதைக் காரணம் காட்டி 20 ரூபா கூட்டினால், மீதி 17 ரூபா யாருடைய வரி?

மேலும், வற் வரிக்குப் பதிவு செய்யாத கடைக்காரர் பில்லில் வற் என்று தனியாக வாங்கச் சட்டத்தில் இடமில்லை. 2024இல் பதிவு கட்டாயமாவதற்கான எல்லை வருட விற்பனை 6 கோடி ரூபா. அதைக் குறைக்கும் யோசனை 2026 வரவுசெலவுத் திட்டத்தில் வந்ததால், நடப்பு அளவை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் கேட்டறிவது நல்லது. பதிவு பெற்றவர் சான்றிதழைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும்.

மொத்த வியாபாரி விலையைக் கூட்டினால், லொறிக் கூலி ஏறினால், நாமும் கூட்டத்தான் வேண்டும். அது குற்றமல்ல. விலை கூட்டுவது வேறு. பொய்க் காரணம் சொல்வது வேறு. எடுக்கும்போது நிறைவாக அளந்தெடுத்து, கொடுக்கும்போது குறைப்போருக்குக் கேடு என்று எச்சரிக்கும் 'அல்முதஃப்பிஃபீன்' அத்தியாயத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் மனனம் செய்கிறார்களே! தராசுத் தட்டில் செய்யும் மோசடியை இன்று பில்லில் செய்தால் மட்டும் ஹலாலாகிவிடுமா?

இன்றிரவு சோறு பரிமாறும்போது உங்கள் வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேளுங்கள்: "நம்ம கடை பதிவு செஞ்சதா? வற் என்று வாங்கின காசு அரசாங்கத்துக்குப் போச்சா, நம்ம சட்டிக்குள்ள வந்துச்சா?" கேட்க வேண்டியவர் நீங்கள்தான். அந்தச் சோற்றைப் பிள்ளைக்கு ஊட்டுபவர் நீங்களல்லவா?

பாராளுமன்றத்தில் கை உயர்த்தியவர்களிடம் அல்லாஹ் அவர்களின் கணக்கைக் கேட்பான். கொழுந்துக்காரப் பெண்ணின் கடன் கொப்பியைப் பற்றி நம்மிடம் கேட்பான். அந்த நாளில் தலைகுனியாத வியாபாரத்தை நம் இல்லங்களுக்கு அவன் தந்தருள்வானாக! ஆமீன்.