ஆற்றை வெட்டினால் வேகம் வரும்
(வரைபடத்துக்குப் பின்னால் – 7)

வரைபடம் திரையில் எப்படி வந்து உட்காருகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். வந்த வரைபடத்திடம் கேள்வி கேட்டால்? அங்கேதான் சக்கரம் சுற்ற ஆரம்பிக்கிறது.

புனே மாநகராட்சி 2016இல் மரக் கணக்கெடுப்பைத் தொடங்கியது. மரத்துக்கு மரம் இனம் எது, எங்கே நிற்கிறது என்று குறித்தார்கள். ஏறக்குறைய 40 லட்சம் மரங்கள் தேறின. நதிக்கரைத் திட்டத்துக்காக மரம் வெட்டுவதை எதிர்த்து, 2023இல் மக்கள் ஊர்வலம் போன நகரம் அது. அங்கே யாருக்கும் எழக்கூடிய கேள்வி: முளா-முத்தா ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள் எத்தனை மரங்கள்?

போஸ்ட்ஜிஐஎஸ் தரவுத்தளத்தில் இதை இரண்டு விதமாகக் கேட்கலாம். எஸ்டி_டிஸ்டன்ஸ் போட்டு, ‘தூரம் 100க்குள் இருக்கிறதா’ என்று கேட்டால், 40 லட்சம் மரங்களுக்கும் தூரத்தை அளந்துவிட்டுத்தான் பதில் வரும். வீடு வீடாகக் கதவைத் தட்டுகிற வேலை. எஸ்டி_டிவித்தின் அப்படியில்லை, முதலில் இண்டெக்ஸைப் பார்க்கும்.

அந்த இண்டெக்ஸின் அடிப்படை, 1984இல் அன்டோனின் கட்மன் வெளியிட்ட ஆர்-ட்ரீ. அருகருகே உள்ளவற்றை ஒரு செவ்வகத்தில் அடைத்து, அந்தச் செவ்வகங்களை இன்னும் பெரிய செவ்வகத்தில் அடைத்துக்கொண்டே போகும். ஒவ்வொன்றுக்குள்ளும் நூறு அடங்கினால், நாலே படியில் 10 கோடி மரங்கள்வரை எட்டலாம். வேண்டாத செவ்வகத்தை அதன் உள்ளே இருக்கும் அத்தனையோடும் ஒரே மூச்சில் தள்ளிவிடலாம் என்பதே இதன் பலம்.

சரி, இண்டெக்ஸ் போட்டாயிற்று. ஆனாலும் வேகம் வரவில்லை. ஏன்?

ஆற்றைப் பாருங்கள். தென்மேற்கே கடக்வாஸ்லா அணையிலிருந்து வரும் முத்தா, சங்கமத்தில் முளாவோடு கலந்து, பண்ட் கார்டன், முண்ட்வா எனக் கிழக்கே போகிறது. இதை ஒரே கோடாகச் சேமித்தால், அதைச் சுற்றிப் போடும் செவ்வகம் நகரத்தின் நடுப்பகுதியையே விழுங்கிவிடும். பர்வதி குன்றின் மரமும் கேம்ப் பகுதியின் மரமும் அதற்குள் வந்துவிடும். அத்தனைக்கும் தூரம் அளந்தாக வேண்டும்.

மருந்து: ஆற்றை வெட்டுவது. எஸ்டி_சப்டிவைட் கோட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் கரையை ஒட்டிய குட்டிச் செவ்வகம். பர்வதி வெளியே போய்விடும். ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் நிற்கும் மரம் இருமுறை எண்ணப்படும். மரத்தின் அடையாள எண்ணை வைத்து ஒருமுறை மட்டும் எண்ணச் சொல்ல வேண்டும்.

அளவும் முக்கியம். ஜிபிஎஸ் தருவது டிகிரி. அதில் 100 என்று கொடுத்தால் 100 டிகிரி என்றுதான் பொருள், ஊரிலுள்ள எல்லா மரமும் வந்து நிற்கும். மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் புனே 43ஆம் வடக்கு மண்டலத்தில் இருக்கிறது. மரங்களை முன்கூட்டியே அந்த மீட்டர் கணக்குக்கு மாற்றிச் சேமித்து, அதன்மேல் இண்டெக்ஸ் போடுங்கள். கேள்வி கேட்கும்போது மாற்றினால், பழைய டிகிரிப் பத்தியில் போட்ட இண்டெக்ஸ் உதவாது.

தரவுத்தளம் இண்டெக்ஸைத் தொட்டதா, இல்லையா என்பதை அதன் வாயாலேயே சொல்லவைக்க எக்ஸ்ப்ளெய்ன் என்றொரு கட்டளை உண்டு. அதைப் படிப்பது எப்படி?

(அடுத்த வாரம்)