போர்டில் 'இன்டர்நேஷனல்', வகுப்பில் எந்த மொழி?

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு வேலை மாறி வரும் குடும்பங்களுக்கு வீடு சீக்கிரம் கிடைத்துவிடுகிறது. குழந்தைக்குப் பள்ளி தேடுவதுதான் பெரும்பாடு.

காலை ஏழு மணி. ஓசூர் சாலையில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மஞ்சள் நிறப் பள்ளி பஸ்கள் முண்டியடிக்கின்றன. ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் கொட்டை எழுத்தில் ஒரு பெயர்: ஏதோ ஒரு 'இன்டர்நேஷனல்', ஏதோ ஒரு 'குளோபல்', ஏதோ ஒரு 'வேர்ல்ட்'. புதிதாகக் குடிவந்த குடும்பம் இந்தப் பெயர்களைப் பார்த்து முதலில் மலைக்கிறது. பிறகு குழம்புகிறது.

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ல் கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் உருவாக்கிய தொழிற்பேட்டைதான் எலெக்ட்ரானிக் சிட்டி. அது தொழிற்சாலைகளுக்கான இடம், குடும்பங்களுக்கானது அல்ல. 1994-ல் இன்போசிஸ் தன் தலைமையகத்தை இங்கே மாற்றியது. 2010-ல் சில்க் போர்டிலிருந்து மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடமும் வந்து சேர்ந்தது. பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கிளம்பிப் போகும் இடமாக இருந்தது, இன்று அடுக்குமாடிகள் நிறைந்த ஊர்.

இங்கே பள்ளி தேடுபவர்கள் மூன்று வகை. இரண்டு மூன்று வருட ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டு நிபுணர்கள் ஒரு வகை. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ பல வருடங்கள் இருந்துவிட்டு, வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தைகளோடு திரும்புபவர்கள் இரண்டாவது வகை. கோயமுத்தூரிலிருந்தும் மதுரையிலிருந்தும் நேராக வருபவர்கள் மூன்றாவது வகை. மூவரும் ஒரே பள்ளியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கக்கூடும். ஆனால் மூவருக்கும் தேவையான பள்ளி ஒன்றல்ல.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, 'இன்டர்நேஷனல்' என்ற சொல் எந்தப் பாடத்திட்டத்தையும் குறிப்பதில்லை என்பதை. அந்தப் பெயரோடு சி.பி.எஸ்.இ. நடத்தும் பள்ளிகள் உண்டு. ஐ.சி.எஸ்.இ. நடத்துபவையும் உண்டு. லண்டனுக்கோ துபாய்க்கோ அடுத்து மாறப்போகும் குடும்பம் கேட்க வேண்டியது கேம்பிரிட்ஜ் அல்லது ஐ.பி. எனப்படும் இன்டர்நேஷனல் பக்காலரியேட். ஜெனீவாவில் 1968-ல் தொடங்கிய ஐ.பி., நாடு விட்டு நாடு மாறும் குழந்தைகளை மனதில் வைத்து உருவானது. இந்தியாவில் அதை முதலில் நடத்திய பள்ளி பெங்களூரில் இல்லை, நம் கொடைக்கானலில் இருக்கிறது. மிஷனரிகளின் குழந்தைகளுக்காக 1901-ல் தொடங்கிய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல், 1976-லேயே ஐ.பி. டிப்ளமோவுக்கு மாறிவிட்டது.

ஒப்பந்தம் முடிந்ததும் கிளம்பிவிடும் ஜெர்மானியக் குடும்பத்துக்கு இதில் பெரிய தலைவலி இல்லை. இங்கே விட்ட இடத்திலிருந்து குழந்தை அங்கே தொடரலாம். இந்தியாவிலேயே கல்லூரிக்குப் போகவிருக்கும் குழந்தைக்குத்தான் கணக்கு மாறுகிறது. ஐ.பி. டிப்ளமோவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் மே மாதத் தேர்வின் முடிவுகள் ஜூலை தொடக்கத்தில்தான் வரும். அதற்குள் பல கல்லூரிகளில் சேர்க்கை பாதி முடிந்திருக்கும்.

டாக்டர் கனவு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். மருத்துவப் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் வழக்கமான ஏற்பாட்டிலோ அறிவியலில் இரண்டு பாடங்களுக்குத்தான் இடம். மூன்றாவதுக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். இதைப் பதினோராம் வகுப்பு தொடங்கிய பிறகு தெரிந்துகொள்வதில் பயனில்லை.

படித்த மாநிலமும் கணக்கில் வருகிறது. கர்நாடகத்தின் சி.இ.டி. மூலம் அரசு ஒதுக்கீட்டில் இடம் பெற, பொதுவான விதிப்படி அந்த மாநிலத்தில் ஏழு வருடங்கள் படித்திருக்க வேண்டும். என்.ஐ.டி.களில் மாணவரின் சொந்த மாநிலம் எது என்பதைப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய இடமே தீர்மானிக்கிறது. ஓசூரில் வீடும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலையுமாக இருக்கும் குடும்பம், அத்திப்பள்ளி எல்லைக்கு எந்தப் பக்கம் பள்ளி பார்ப்பது என்று யோசிக்கும்போது, பஸ் நேரத்தோடு இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்து ஓ.சி.ஐ. அட்டை வைத்திருக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கு எச்சரிக்கை இன்னும் பெரிது. மத்திய அரசின் 2021-ம் ஆண்டு அறிவிப்பு, நீட், ஜே.இ.இ. தேர்வுகளில் அவர்களை என்.ஆர்.ஐ. இடங்களுக்கோ கூடுதலாக உருவாக்கப்படும் இடங்களுக்கோ மட்டுமே உரியவர்கள் ஆக்கியது. அந்த அறிவிப்பு முன்தேதியிட்டுச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்னது. அதற்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு அதனால் நிம்மதி. பின்னால் பெற்றவர்களுக்கு இல்லை.

இந்தக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டுவிட்ட பெற்றோர்கூட ஒன்றைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்: குழந்தையின் மொழி என்ன ஆகும்?

பயிற்று மொழி பற்றிய சண்டை கர்நாடகத்தில் பழையது. ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை தாய்மொழியில் அல்லது கன்னடத்தில்தான் கற்பிக்க வேண்டும் என்று 1994-ல் அரசு ஆணையிட்டது. இருபது வருட வழக்குக்குப் பிறகு, 2014 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பயிற்று மொழியை அரசு திணிக்க முடியாது, குழந்தையின் தாய்மொழி எது என்று சொல்ல வேண்டியவர் பெற்றோரே என்பது தீர்ப்பின் சாரம்.

அடுத்த வருடமே மாநில அரசு வேறு வழியில் வந்தது. பயிற்று மொழி எதுவானாலும், கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழிப் பாடமாக இருந்தாக வேண்டும் என்றது 2015-ன் கன்னட மொழிக் கற்றல் சட்டம். சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளும் அதற்குள் வந்தன. இதில் தமிழர்கள் குறைப்பட்டுக்கொள்ள அதிகம் இல்லை. தமிழ்நாடு தன் தமிழ்க் கற்றல் சட்டத்தை 2006-லேயே கொண்டுவந்துவிட்டது. இருக்கும் ஊரின் மொழியைக் கற்பது குழந்தைக்கு லாபமே. விளையாட்டுத் திடலிலும் மளிகைக் கடையிலும் அதுதான் உதவும்.

சிக்கல் பாடவேளை அட்டவணையில்தான். முதல் மொழி ஆங்கிலம், இரண்டாவது கன்னடம், மூன்றாவது இந்தி அல்லது பிரெஞ்சு என்றால் தமிழுக்கு நாற்காலி இல்லை. கர்நாடக அரசின் எஸ்.எஸ்.எல்.சி.யில் தமிழை முதல் மொழியாக எடுக்கலாம், சி.பி.எஸ்.இ. பட்டியலிலும் தமிழ் இருக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பது வேறு, பள்ளியில் தமிழ் ஆசிரியர் இருப்பது வேறு.

விந்தை என்னவென்றால், அதிகக் கட்டணம் வாங்கும் பாடத்திட்டத்தில்தான் தாய்மொழிக்கு ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. பள்ளியில் ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தை மாணவர் தானே படித்துத் தேர்வு எழுத ஐ.பி. இடமளிக்கிறது. இரண்டு மொழிகளை இலக்கிய நிலையில் முடித்தால் 'இருமொழி டிப்ளமோ' என்றே சான்றிதழ் தருகிறது. தமிழுக்கு அந்த ஏற்பாட்டைச் செய்து தருவீர்களா என்று பள்ளியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியது பெற்றோரின் வேலை.

'இருமொழி' என்ற சொல் கட்டணம் வாங்காத பள்ளிகளிலும் இருக்கிறது. 2019-20-ல் கர்நாடக அரசு தன் ஆயிரம் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்தது. கன்னடமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் வந்தன. கட்டட வேலைக்கும் காவல் பணிக்கும் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து வந்து இதே எலெக்ட்ரானிக் சிட்டியில் வசிக்கும் குடும்பங்களுக்கு இவைதான் கைக்கு எட்டும் பள்ளிகள். அவர்களின் பிள்ளைகளும் தமிழ் பேசுபவர்கள்தான். அவர்களுக்கும் தமிழ் எழுத்து வீட்டில்தான் கிடைக்க வேண்டும்.

எனவே பள்ளிக்குப் போகும் முன் ஒரு துண்டுச் சீட்டில் நான்கு கேள்விகளை எழுதிக்கொள்வது நல்லது. பத்திலும் பன்னிரண்டிலும் சான்றிதழ் தருவது எந்த வாரியம்? அந்த வாரியத்தின் அங்கீகாரம் இன்று கையில் இருக்கிறதா, 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற நிலையா? ஒவ்வொரு மொழிக்கும் வாரத்துக்கு எத்தனை பாடவேளை? நடு வருடத்தில் ஊர் மாறினால் எந்தப் பாடம் விட்டுப்போகும்? நீச்சல் குளத்தையும் குதிரை லாயத்தையும் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே இவற்றுக்குப் பதில் வாங்கிவிடுவது உத்தமம்.

பள்ளியில் தமிழ் இல்லை என்று தெரிந்தபிறகும் வழி உண்டு. வெளிநாடுவாழ் தமிழர்களை மனதில் வைத்து 2001-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக வீட்டிலிருந்தபடியே பாடம் தருகிறது. அதற்கு வேண்டியதெல்லாம் வாரத்தில் இரண்டு மாலைப் பொழுதுகளும், கூடவே உட்கார ஒரு பெரியவரும்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஓசூர் போகும் தமிழ்நாட்டு பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் தமிழில் இருக்கிறது. பெங்களூர் மாநகர பஸ்ஸில் கன்னடத்தில் இருக்கிறது. ஒரே நிறுத்தத்தில் நிற்கும் பத்து வயதுக் குழந்தை இரண்டையும் படித்து, தான் ஏற வேண்டிய பஸ்ஸில் ஏறினால், பள்ளியைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் நிம்மதியாக இருக்கலாம்.